நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் நிற்பவர்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், ஊதியம் எதிர்பாராமல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், வாரந்தோறும் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நானும் அப்படியொரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு 'ஊர்' என்ற சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது பத்து வயது மாணவி ஒருத்தி, "டீச்சர், அப்ப எனக்கு எது ஊர்?" என்று கேட்டாள். அப்பாவுக்கு மதுரைப் பக்கம், அம்மாவுக்குத் தஞ்சாவூர், அவள் பிறந்தது நியூ ஜெர்சியில். நான் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்த பையன், "நீ இங்க பொறந்தவ, அதனால நீ அமெரிக்கன்" என்று சொல்லி முடித்துவிட்டான். அவன் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அது ஏன் சரி, யாருடைய போராட்டத்தால் சரியாயிற்று என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. திருக்குறளையும் பொங்கலையும் கற்றுக்கொடுக்கும் நாம் இதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

1857இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த விடுதலை வழக்கில், ஆப்பிரிக்க வழியில் வந்த கறுப்பினத்தவர் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றவராக இருந்தாலும் இந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்பு எழுதினார். உள்நாட்டுப் போரும் அதில் மாண்ட லட்சக்கணக்கான உயிர்களும் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்ட பிறகு, 1868இல் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தம் நிறைவேறியது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட வரம்புக்கு உட்பட்ட அனைவரும் அதன் குடிமக்கள் என்கிறது அதன் முதல் வாக்கியம். நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்ட மனிதர்களின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

அது கறுப்பினத்தவரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது, பின்னால் வந்தவர்கள் அதில் புகுந்துகொண்டார்கள் என்று சொல்வோர் உண்டு. அந்தத் திருத்தத்தைப் பற்றி 1866இல் செனட்டில் நடந்த விவாதம் வேறு கதை சொல்கிறது. சீனர்களின் பிள்ளைகளும் குடிமக்களாகிவிடுவார்களா என்று பென்சில்வேனியாவின் எட்கர் கோவன் எதிர்ப்போடு கேட்டார். ஆம், ஆவார்கள், ஆகவும் வேண்டும் என்று பதில் சொன்னவர் கலிபோர்னியாவின் ஜான் கோன்னஸ். அயர்லாந்தில் பிறந்து இங்கே குடியேறியவர். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் செனட் வாக்களித்தது.

ஆனாலும் அந்த வாக்கியம் தானாக நிலைக்கவில்லை. அதை நிலைநிறுத்தியவர் ஒரு சமையற்காரர். வோங் கிம் ஆர்க் 1873இல் சான் பிரான்சிஸ்கோவின் சாக்ரமென்டோ தெருவில் பிறந்தவர். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று 1882இல் சட்டம் வந்துவிட்டது. அவருடைய பெற்றோர் எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமை பெற வழியில்லை. 1894இல் அவர் சீனாவுக்குப் போய்வரப் புறப்பட்டபோது, இவர் இந்த நகரத்தில்தான் பிறந்தார் என்று சாட்சிகள் கையெழுத்திட்ட தாளை எடுத்துக்கொண்டு போனார். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, விமானத்தில் உட்கார்ந்தபடி காகிதங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தாளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 1895 ஆகஸ்டில் திரும்பி வந்தவரைக் கரையிறங்க விடவில்லை. நீ பிறந்தது இங்கேதான், ஆனால் நீ சீனன், குடிமகன் அல்ல என்றது அரசு. தான் பிறந்த தெரு கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றப்பட்டு மாதக்கணக்கில் அவர் கடலிலேயே அடைபட்டுக் கிடந்தார். சான் பிரான்சிஸ்கோச் சீனர்களின் சங்கம் வழக்கறிஞர்களை அமர்த்தி அவருக்காக வழக்காடியது. 1898 மார்ச் 28 அன்று, ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், அவர் பிறப்பால் குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தோடு அவருடைய பாடு தீர்ந்துவிடவில்லை. 1901இல், நாட்டின் உச்ச நீதிமன்றமே குடிமகன் என்று சொன்ன அதே மனிதரை டெக்சாஸின் எல் பாசோவில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துவைத்தார்கள்; தன்னுடைய குடியுரிமையை அவர் மறுபடியும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு ஒருமுறை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் நம் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கதை நம் வீட்டுப் பேச்சுக்கு மிக நெருங்கியது. பகத் சிங் திண்ட் பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். வந்தேறிகளில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்ற காலம் அது. அந்தச் சட்டமே தவறு என்று அவர் தரப்பு வாதாடவில்லை; தான் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையரே என்று வாதாடியது. சாதாரண மனிதனின் கண்ணுக்கு இவர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் தள்ளிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த வேறு பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், குடியுரிமையும் சொத்தும் போன நிலையில் 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியர்களுக்குக் கதவு திறக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர்தான். நாம் இத்தனை பேர் வரக் காரணமான 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் அடிபட்டு வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்ற அதே ஆண்டில், அந்தப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் பிறந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், தாய் முறையான தற்காலிக விசாவில் இருந்தாலும்கூட, இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. உடனே வழக்குகள் தொடரப்பட்டன. அந்த வாரம் எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இது எல்லை தாண்டி வந்தவங்களுக்குத்தான், நமக்கு இல்ல. நாம முறைப்படி வந்தவங்க" என்று எழுதினார். பலர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஆணையைப் படித்த யாரோ மாணவர் விசாவும் எச்-1பியும் அதில் அடக்கம் என்று சொன்ன பிறகு குழு அமைதியாகிவிட்டது.

முதலில் அப்படி எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. வரிசையில் நின்றே பாதி வாழ்நாள் போனவர்களுக்கு அந்த வரிசை பெருமையாகத் தெரிவது இயல்பு. ஆனால் திண்ட் தரப்பு சொன்னதும் இதையேதான்: நான் மற்றவர்களைப் போல் அல்ல. அந்த வாதம் அன்றைக்கு அவரைக் காப்பாற்றவில்லை. நம் பிள்ளைகளைக் காப்பாற்றி வருவது, பிறந்த எல்லோருக்கும் பொது என்று வோங் கிம் ஆர்க் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு வாக்கியம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. மார்ச் 28 பள்ளி நடக்கும் காலத்தில் வருகிறது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரத்தை, உயர்நிலை மாணவர்களுக்காவது, இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களையும் வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்கார வையுங்கள். குடியேற்றத் துறையின் பழைய கோப்பில் இருந்த வோங் கிம் ஆர்க்கின் புகைப்படம் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதைத் திரையில் காட்டி, "இவர் ஒரு சமையற்காரர், உங்களைப் போலவே இங்கே பிறந்தவர், ஒருநாள் இவரைக் கரையிறங்க விடவில்லை" என்று தமிழில் பாடத்தைத் தொடங்கலாம்.