ஒப்புதல் கையெழுத்து: முந்தின ராத்திரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டு மாற்று ஆபரேஷன் விபத்துக் கேஸ் அல்ல. தேதி குறித்து, ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்து, காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வரும்வரை காத்திருந்துதான் செய்கிறார்கள். இத்தனைக்கும் நேரம் இருக்கிறது. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது மட்டும் முந்தின நாள் ராத்திரிக்குப் போய்விடுகிறது.

மண்டபம் பக்கம் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் என் அக்காவுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்றினார்கள். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து, பேனாவால் குறி போட்ட இடங்களில் கையெழுத்துக் கேட்டார். அதுவும் அக்காவிடம் இல்லை, அவர் மகனிடம். நல்ல நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபரேஷனில் குறை இல்லை. டாக்டர் கைராசிக்காரர்தான், வலி போய்விட்டது. ஆனால் இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, மண்டி போடக் கூடாது என்பதை டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் பிசியோதெரபி கொடுத்தவர் சொன்னார். பாசி எடுக்கிறவருக்கு வத்தை என்கிற சிறு படகில் ஏறி இறங்குவதும் கடலுக்குள் பாறையில் கால் ஊன்றுவதும்தானே பிழைப்பு? கரைக்கு வந்தபிறகு பாசியைக் காயவைத்துத் தூசி பொறுக்குவதும் குத்தவைத்துத்தான். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, இனி நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ வேண்டியிருக்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டார்.

கிருமி தொற்றலாம், காலில் ரத்தம் உறையலாம், 15, 20 வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்திருக்கலாம். வத்தையில் ஏற முடியுமா என்பதை அச்சடித்து வைக்க முடியாது. "என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டால்தான் அந்தப் பேச்சே வரும். முன்பே தெரிந்திருந்தால் அக்கா வேண்டாம் என்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. பாசி சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கலாம், வேறு வருமானத்துக்கு வழி பார்த்திருக்கலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்குக் கருப்பையை எடுக்க, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப் போகிறோம், பலன் என்ன, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. மயங்கிக் கிடந்தவருக்கே இப்படி என்றால், விழித்திருந்த என் அக்காவுக்கு மகன் கையெழுத்து எதற்கு?

ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது, சரி. ஆனாலும் தேதி குறிக்கும் அன்றே தமிழில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு அடுத்த முறை சந்தேகங்களோடு வரச் சொல்லலாமே? 2022-இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியே இதை முதலில் செய்து காட்டலாம். படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கும்போது, அதை வாசித்துக் காட்டியவர் பெயரையும் அதே தாளில் எழுதச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, மண்டபம்