தின்னர் டிரம்

பீன்யா, பெங்களூரு

அன்புள்ள செல்வம்,

தீபாவளிக்கு நீ போன் செய்தபோது ரெண்டு நாளில் எழுதுகிறேன் என்றேன். பொங்கலே முடிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாஸ்கர் இன்னும் அந்த லேத் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு வருஷமாக லீன், அதாவது விரயத்தைக் குறைத்து, தேவையானதைத் தேவையான அளவு மட்டும் செய்யும் முறை. நல்லது நடந்ததை மறைக்க மாட்டேன். முன்பெல்லாம் மழைக்காலம் வந்தால் ஸ்டோரில் குவிந்து கிடக்கும் பாகங்கள் துருப்பிடிக்கும்; ஆசிட்டில் முக்கி எடுப்போம். இப்போது குவியலும் இல்லை, ஆசிட்டும் இல்லை. லீன் பட்டியலிடும் ஏழு விரயங்களில் தேவைக்கு மேல் செய்வதுதான் மோசமானது என்று, இந்த முறைக்கு டொயோட்டாவில் அடித்தளம் போட்ட தாய்ச்சி ஓனோ ஏன் சொன்னார் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

ஆனால் பெயின்ட் ஷாப்பை வந்து பார். முன்பு திங்கள் முழுக்க வெள்ளை, செவ்வாய் முழுக்கக் கறுப்பு. இப்போது ஆர்டர் வருகிற வரிசையில் 20 வெள்ளை, 15 கறுப்பு, மறுபடி வெள்ளை. ஒவ்வொரு தடவையும் ஸ்ப்ரே கன்னையும் ஹோஸையும் தின்னர் விட்டுக் கழுவ வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும்போது, வாளியில் விழுவது தெளியும்வரை பையன் டிரிகரை விடுவதே இல்லை. போன வாரம் பக்கத்தில் நின்றேன். அரை வாளி நிறைவதற்குள் எனக்குக் கண் எரிந்தது. அவன் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறான், செல்வம். வாரம் ஒரு டிரம் ஓடிய இடத்தில் இப்போது இரண்டு. விரயம் எழுதுகிற போர்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 31 கார் ஆலைகளை ஆராய்ந்து 2001-இல் வந்த கட்டுரை ஒன்றைப் படித்தேன். லீன் முறையால் பெயின்டும் தின்னரும் சிக்கனமாகத்தான் செலவாகின்றன. ஆனால் கடுமையான காற்று விதிகளை எட்ட அது மட்டும் போதவில்லை என்கிறார்கள். அப்படியானால் பெயின்ட், தின்னர் ஆவியைப் பிடித்து எரிக்கும் ஏற்பாடும் தனியாக வேண்டும். எங்களிடம் அந்தச் சிக்கனமும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

ஒரு ஷிஃப்டுக்குள் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்போம் என்று மேனேஜரிடம் சொன்னேன். டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார். போனால் அரை நாள், அவ்வளவுதான்.

உங்கள் ஓசூர் லைனில் கலர் வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? கழுவிய தின்னரைத் தெளியவைத்து, அடுத்த முதல் கழுவலுக்கு எடுக்கிறீர்களா? உங்கள் கலர் வரிசையின் ஒரு மாத சார்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை மீட்டிங், அதற்குள் வேண்டும்.

அன்புடன்,
முரளி