நீ எந்த ஊர்க்காரன், மாப்ளே?

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் குறுக்கே வந்துவிட்டது. நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று உன்னைத்தான் கேட்டார்கள், "அவன் மெட்ராஸ்லதான இருக்கான், ஒரு எட்டு வந்துட்டுப் போகக்கூடாதா" என்று. பெயர் மாறியது 1996இல். அம்மாவுக்கு இன்னும் அது மெட்ராஸ்தான், எனக்கும் பாதி நேரம் அப்படித்தான் வாயில் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் மழைநீர்க் கால்வாய் பற்றி நீ பேசப் போக, அந்தப் பெரியவர் "நீங்கள்லாம் வெளியூர்லேருந்து வந்தவங்க, இந்த ஊர் தண்ணி உங்களுக்குத் தெரியாது" என்று சொன்னதை எழுதியிருந்தாய். ஆனால் அதைவிட, போன தடவை இங்கே வந்தபோது தட்டுவடை செட் போடுகிற பையன் உன் பேச்சைக் கேட்டு "சென்னையா சார்?" என்றானே, அதுதான் உன்னை அதிகம் குத்தியிருக்கிறது. அங்கே சேலத்துக்காரன், இங்கே சென்னைக்காரன், அப்ப நான் யாருடா என்று கேட்டிருக்கிறாய். பத்து நாளாக எனக்கும் இதே யோசனைதான். காய்கறி வாங்கப் போனாலும் இதுதான் ஓடுகிறது.

நாம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே ரூமில் மூன்று கட்டில் போட்டு இருந்தோமே, அப்போது யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சொந்த ஊர் எது?"தான். மதுரை, தஞ்சாவூர், நெல்லூர் என்று பதில் வரும். மெட்ராஸ் என்று சொன்ன ஒருத்தரை அந்த மேன்ஷனில் நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே கட்டில்கள் காலி, மெஸ்ஸும் பூட்டிவிடுவார்கள். ஒரு வருஷம் எனக்கு லீவு கிடைக்காமல் நான் மட்டும் தங்கினேன் பார், அந்தப் பொங்கலன்று காலையில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கடற்கரைப் பக்கம் நடந்து நொச்சிக்குப்பம் வரைக்கும் போய்விட்டேன். ஊரே காலி என்று சொல்வோமே, அங்கே ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை. வாசலுக்கு வாசல் கோலம், பிள்ளைகள் புதுச் சட்டை, படகு ஓரமாக உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள். "லீவுக்கு ஊருக்குப் போறேன்" என்று சொல்ல அவர்களுக்கு வேறு ஊரே கிடையாது, எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரைக்கும் மெட்ராஸை ஒரு பெரிய லாட்ஜ் மாதிரிதான் நினைத்திருந்தேன், எல்லாரும் வந்து தங்குவோம், போவோம் என்று.

அவர்கள் பேசுகிற பேச்சைத்தான் நாம் ரூமில் நடித்துக் காட்டிச் சிரிப்போம். நாஷ்டா, ஜல்தி, பேஜார் என்று உருதுவிலிருந்து வந்து கலந்த சொற்கள் எத்தனை அதில், துறைமுக ஊரில் எத்தனை பேர் வந்து பழகியிருந்தால் ஒரு பேச்சு அப்படி ஆகியிருக்கும்! அந்த ஊரிலேயே பிறந்தவன் பேசுவதை, வந்து ஆறு மாசமான நாம் கிண்டல் செய்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆனால் பிறந்தவன்தான் உள்ளூர்க்காரன் என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை. 2000ஆம் வருஷத்திலிருந்து ஊருக்கு நடுவே ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த குடும்பங்களைக் கிளப்பிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தார்கள். பிறந்து வளர்ந்த தெருவுக்கு அவர்கள் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். 2011இல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்களே, அதில் சோழிங்கநல்லூரில் நெல் விளைத்தவர் உட்கார்ந்த இடத்திலேயே சென்னைக்காரர் ஆனார். ஊர் அவரைத் தேடி வந்தது, இவர்களை வெளியே தள்ளியது. ஆக, பிறப்பையும் முகவரியையும் வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெரினா மணல் இருக்கிறதே, நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து நடந்து அலையைத் தொடுவோமே, அத்தனை மணலும் எப்போதும் அங்கே இருந்ததில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கேயிருந்து வடக்கே கடலோடு நகர்ந்து போகிற மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே கரை அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்றது, அங்கே இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் தடுக்கிறார்கள். மெட்ராஸ் என்றாலே எல்லாருக்கும் கண்ணில் வருகிற அந்தக் கடற்கரையும் தெற்கேயிருந்து வந்து தங்கியதுதான்.

இங்கே மட்டும் என்ன? நம் சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், கேரளத்துக்காரர்கள் என்று வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்களே, அவர்கள்தான். ஏற்காட்டுக்கு வெள்ளைக்காரன் காப்பிச் செடி கொண்டு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலிருந்து அந்த மலையில் இருப்பவர்கள். அவர்களை விட அந்த மலைக்கு உரியவர் யார்? ஆனால் அவர்களுடைய வழிவழிக் கதையைக் கேட்டுப் பார், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், ஒருவர் சேர்வராயனில் தங்கினார், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்றுதான் சொல்வார்கள். வந்தோம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. நம் அம்மாப்பேட்டையையே எடுத்துக்கொள், ஒரு வீட்டில் சௌராஷ்டிரம், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிரில் கன்னடம். தறிச் சத்தம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவர்களை யாராவது வெளியூர் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? ஆடி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முதலில் வசூலுக்குக் கிளம்புவது அவர்கள்தான்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உன்னிடமும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் ராயப்பேட்டையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் நொச்சிக்குப்பத்துக்குத்தான் மீன் வாங்கப் போவேன். ரோட்டோரம் ஒரு கிழிந்த குடை, அதன் கீழே ஒரு அம்மா, காலுக்கடியில் அரிவாள்மணை. முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார், சேலம் என்றேன். "அங்க கடல் இல்லியே, மீனுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றார். மேட்டூர் டேம் மீன் வரும் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், டேம் மீனையா தின்று வளர்ந்தாய் என்று அப்படியொரு இரக்கம். அன்றிலிருந்து எனக்குப் பாடம்தான். செவுளை விரலால் தூக்கிக் காட்டுவார், ரத்தச் சிவப்பாக இருக்கணும், பழுப்பு ஏறியிருந்தால் என்னிடமே வாங்காதே என்பார். வயிற்றை அமுக்கிக் காட்டுவார், அமுக்கின பள்ளம் உடனே எழும்பணும். வாடைக்காற்று அடிக்கிற நாளில் "இன்னிக்குக் காத்து சரியில்ல, நெத்திலி மட்டும் வாங்கிக்கினு போ" என்று அனுப்பிவிடுவார். வஞ்சிரம் கேட்டால் திட்டுவார், சம்பளக்காரனுக்குச் சங்கரா போதும் என்று. இப்படி நாலைந்து வருஷம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. அன்று மட்டும் நான் போகவில்லை, வீட்டுக்கு விருந்தாள் வந்திருந்தார்கள். சுனாமி என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டோம். மூன்று நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். குடை இல்லை, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பலகையில் கொஞ்சம் சங்கரா, செவுள் சிவப்பாக. வாங்க ஆளில்லை. கடலில் அத்தனை உயிர் போயிருக்கிறது, மீன் சாப்பிடலாமா என்று அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நிற்காமல் நடந்து வந்துவிட்டேன்டா. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டை இழந்தாரா, ஆளை இழந்தாரா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நின்று வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் பக்கமே போக முடியவில்லை, அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு சேலத்துக்கே வந்துவிட்டேன். பதினான்கு வருஷம் அந்த ஊரில் இருந்தவன், ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே, ஆனால் அந்த அம்மா கையைத் தூக்கிய அன்று நான் வெளியூர்க்காரனாகத்தான் நடந்துகொண்டேன்.

உன் கதை வேறே. 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளத்தில் உன் போன் நாலு நாள் கிடைக்காமல் இங்கே நாங்கள் தவித்தோம். ஐந்தாம் நாள் நீ பேசியபோது சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கீழ்த்தளத்தில் மூன்று வீட்டுக்காரர்கள், பின்னால் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருந்த ஒரு குடும்பம், எல்லாரும் உன் வீட்டு ஹாலில். தங்கச்சி ஒரே கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு இரண்டு வேளை கஞ்சி காய்ச்சியதையும், நீ மார்பளவு தண்ணீரில் இறங்கி எதிர் வீட்டுக் கிழவியின் சர்க்கரை மாத்திரையை எடுத்து வந்ததையும் நீ ஏதோ மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்த மாதிரி சொன்னாய். தண்ணீர் வடிந்ததும் எத்தனை பேர் அந்த வீடுகளை விற்றுவிட்டுப் போனார்கள், சேலத்துக்கு வந்துவிடு என்று நானும் சொன்னேன். "இவங்கள விட்டுட்டு எப்படிடா" என்றாய். எந்த ஊர்க்காரன் என்று இப்போது என்னிடம் கேட்கிறாய். நீயே அன்றைக்குச் சொல்லிவிட்டாய்.

அந்தப் பெரியவர் மேல் ரொம்பக் கோபப்படாதே. அவர் சொன்ன விதம் தப்பு, ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது உனக்கும் எனக்கும் தெரியாது. உங்கள் பக்கம் ஏரி எதுவரை இருந்தது, பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வெள்ளம் எந்த வழியாக இறங்கிப் போனது என்று கண்ணால் பார்த்தவர் அவர். 2022இல் அந்தச் சதுப்பை ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக, அறிவித்தார்கள், ஆனால் அதற்குள் பெரும்பகுதி வீடாகவும் ரோடாகவும் குப்பைமேடாகவும் போய்விட்டதே. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேள். கேட்டால் சொல்லுவார், அந்த வயசுக்காரர்களுக்குக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் பெரிய ஆதங்கம். நீ அதை எழுதி வைத்துக்கொண்டு கால்வாய்ப் பேச்சை மறுபடி எடு.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. போன மார்ச்சில் உன் வீட்டுக்கு வந்தேனே, கோயம்பேடு என்று நினைத்துத் தூங்கிவிட்டேன், கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். விடியற்காலை, எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. பதினான்கு வருஷம் இருந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன், ஒடிசாவாம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே "எங்க போணும்ணா? வேளச்சேரியா? தாம்பரம் போய் மாறிக்கங்க, இந்தப் பக்கம் நில்லுங்க, அது சும்மா நிக்கிற வண்டி" என்று கைகாட்டி அனுப்பினான். வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறதாம். அவனுக்கும் பொங்கலுக்கோ பூஜைக்கோ போக ஒரு ஊர் இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் அவனை இப்போதே சென்னைக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள்.

ஆடி நெருங்குகிறது. குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு இந்த வருஷமாவது வந்துவிடு, பையனையும் கூட்டி வா, ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் இங்கே இறங்கிவிடலாம், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். தட்டுவடைக் கடைப் பையனிடம் நீ யார் என்று சொல்லிவிட்டேன், "அம்மாப்பேட்டையா அவரு, சொல்லவே இல்லியே" என்றான்.

அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு வேலை. நொச்சிக்குப்பத்தில் 2024இல் புது மீன் அங்காடி திறந்தார்களே, ரோட்டோரக் கடைகளை அதற்குள் மாற்றினார்கள் என்று படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாரேன். இப்போது எழுபது வயசுக்கு மேல் இருக்கும், இடது கைக் கட்டைவிரலில் அரிவாள்மணை பட்ட பெரிய தழும்பு, கிண்டலாகப் பேசுவார். பெயர் தெரியாது, அத்தனை வருஷத்தில் கேட்கவே இல்லை. இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கு ஒரு போன் போடு, அடுத்த வண்டியில் கிளம்பி வருகிறேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு கேட்கிறார்கள். மறக்காதே.

உன்
அம்மாப்பேட்டைக்காரன்