பார்க்காத தொட்டிகளும் 31-ஆம் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில் பழைய கப்பல் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கிக் கடன், கொடி (கப்பலைப் பதிவு செய்த நாடு) மாற்றம் எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் கிளாஸ் சங்கம் (கப்பலின் தகுதியைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) கொடுத்த சான்றிதழ்கள் நடப்பில் இருந்தால், தனியாகச் சர்வேயரை, அதாவது கப்பலைப் பார்த்துச் சொல்லும் நிபுணரை, அனுப்புவது வீண் செலவு என்று ஒரு வரி. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகள் எஞ்சின் அறையில் கழித்துவிட்டு, அப்புறம் வாங்குபவர்களுக்காகக் கப்பல் பார்க்கும் வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கிளாஸ் சங்கத்தின் பெரிய சர்வே 5 ஆண்டுக்கு ஒருமுறைதான். நடுவில் வருடாந்திரச் சோதனைகள் உண்டு என்றாலும் அவற்றில் எல்லாத் தொட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. தவிர, கப்பல் விதிப்படி ஓடலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. அடுத்த டிரை டாக்கில் (கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) எத்தனை டன் இரும்பு மாற்ற வேண்டிவரும் என்பது வாங்குபவரின் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 17 வயதான ஒரு பல்க் கேரியர், அதாவது நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல். டெக் முழுக்கப் புதுப் பெயிண்ட். (பெயிண்ட் வாசனை போகாத கப்பலை நான் இரண்டு தடவை சுற்றுவேன்.) எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க, கப்பல் நிலையாக நிற்பதற்காகப் பேலஸ்ட் தொட்டிகளில் கடல்நீர் ஏற்றுவார்கள் அல்லவா, அதனால் மேல்பக்கத் தொட்டிகள் பத்தில் எட்டு நிறைந்துவிட்டன. காலியாக இருந்த இரண்டில் இறங்கினேன். பூச்சு நன்றாகவே இருந்தது. மெயின் எஞ்சின் பதிவுகளும் ஒழுங்கு. அறிக்கை எழுதினேன். எட்டுத் தொட்டி பார்க்கவில்லை என்பதையும் எழுதினேன், 31-ஆம் பக்கத்தில்.

வாங்குபவர் போனில் கேட்டார்: “மொத்தத்துல நல்ல கப்பலா, இல்லையா சார்?” “பார்த்த வரைக்கும் நல்லா இருக்கு” என்றேன். அவர் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொற்கள் மட்டும்.

சில மாதங்களில் டிரை டாக்கில் அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தடிமன் அளந்தபோது, அந்த எட்டில் ஐந்து தொட்டிகளில் டெக்குக்கு அடியில் ஓடும் சட்டங்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. இது அதிசயமில்லை. மேலே வெயில் டெக்கைச் சுடுகிறது, உள்ளே உப்புநீர் ஏறி இறங்குகிறது, பூச்சு முதலில் உரிவது அந்தக் கூரையில்தான். சூடாக்கும் எரிபொருள் தொட்டியை ஒட்டிய பேலஸ்ட் தொட்டிக்கும் அதே கதி. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் 31-ஆம் பக்கத்தில் எழுதினேன்.

விற்றவரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? முடியாது. பழைய கப்பல் விற்பனைக்குப் பலரும் கையெழுத்திடும் நார்வே சேல்ஃபார்ம் என்ற ஒப்பந்தப் படிவத்தின் 2012 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்றாமல்தான் பார்க்க வேண்டும். பார்த்து முடிந்த 72 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டால், பார்வையிட்டபோது இருந்த நிலையில், இயல்பான தேய்மானம் போக, கப்பல் கைமாறும். நான் பார்க்காததும் அந்த ‘இருந்த நிலை’க்குள் அடக்கம்.

அதனால்தான், ஆள் அனுப்புவது மட்டும் போதாது, அவருக்கு நேரமும் வாங்கிக் கொடுங்கள் என்கிறேன். எந்தெந்தத் தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிவிட வேண்டும். மூடிய தொட்டியில் துரு பிராணவாயுவைத் தின்றுவிடும். காற்றோட்டம் கொடுத்து, மீட்டர் 20.9 சதவீதம் காட்டிய பிறகுதான் மனிதன் இறங்கலாம். அவசரப்படுத்தினால் சர்வேயர் ஒன்று இறங்க மாட்டார், இல்லையென்றால் ஏறி வர மாட்டார்.

கழற்றாமலே பார்க்கக்கூடியதும் நிறைய. லைனர் (எஞ்சின் சிலிண்டரின் உள் உறை) தேய்மானக் கணக்கு, லூப் ஆயில் (மசகு எண்ணெய்) ஆய்வறிக்கை, கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) எவ்வளவு வளைகிறது என்று காட்டும் டிஃப்ளெக்‌ஷன் அளவுகள், இவற்றைப் பழைய வருடங்களோடு ஒப்பிட வேண்டும். எமர்ஜென்சி ஜெனரேட்டரை என் கண்முன் ஓட்டச் சொல்வேன். மின்சாரம் போனால் 45 வினாடிக்குள் அது சுமை ஏற்க வேண்டும். பைப்புகளில் சிமென்ட் பெட்டி கட்டி ஒழுகலை அடைத்திருக்கிறார்களா என்று பில்ஜுக்குள் (கப்பலின் அடியில் கசிவு நீர் சேரும் பள்ளம்) டார்ச் அடிப்பேன். சீஃப் இன்ஜினியர் சொல்லாததைச் சில நேரம் எஞ்சின் அறைத் தொழிலாளியான ஆயில்மேன் சொல்வார். பெயர் எத்தனை முறை மாறினாலும் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள சர்வதேச அடையாள எண்) மாறாது, அதை வைத்து, எந்தத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள் என்பதை ஈக்வேசிஸ் என்ற கப்பல் தகவல் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அந்தக் கப்பலுக்குப் பிறகு, பார்க்காதவற்றின் பட்டியலை அறிக்கையின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வேறொரு கப்பலை வாங்க இருந்த ஒருவர் கோபமாகக் கேட்டார்: “இதுக்கா சார் உங்களை அனுப்பினேன்?” ஆமாம், இதற்குத்தான் என்றேன். அவர் விற்பவரிடம் பேசி இன்னொரு நாள் வாங்கினார். மறுபடி போய் ஆறு தொட்டிகளில் இறங்கினேன். அவர் அந்தக் கப்பலை வாங்கவில்லை.

கட்டுரையின் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)