குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் நர்சிங்

வார்டு நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை நாம் பேசப்போவது, கனடாவின் கால்கரியில் லொரெய்ன் ரைட், மோரீன் லேஹி இருவரும் உருவாக்கிய குடும்ப நர்சிங் முறை பற்றி. நேரமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம் இல்லையா, அதற்குத்தான் அவர்கள் நோயாளியின் குடும்பத்தோடு 15 நிமிடப் பேச்சு என்று ஒன்றை வைத்தார்கள்: பெயர் சொல்லி அறிமுகம், ஒரு தாளில் குடும்ப மரம் (குடும்பத்தில் யார் யார், யாருக்கு யார் என்ன உறவு என்று காட்டும் படம்), இரண்டு மூன்று கேள்விகள், அப்புறம் அந்தக் குடும்பம் நன்றாகச் செய்கிற ஒன்றை வாய்விட்டுப் பாராட்டுவது. இந்தப் பாராட்டுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது; இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மகளிடம் 'விசிட்டர் நேரம் முடிஞ்சது, வெளிய போங்க' என்பதைத் தவிர நாம் என்ன பேசுகிறோம்? ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பீத்தலி மருத்துவமனை 2007இல் தொடங்கி வார்டு வார்டாகத் தன் நர்சுகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஆளுக்கொரு நோயாளியின் குடும்ப மரத்தை வரைந்து எடுத்துக்கொண்டு வாங்க, பெயர்கள் எழுத வேண்டாம்.