உறுதிமொழி வாசித்தவனும் வீட்டில் இருப்பவளும்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா நான். என் மகளோடு படிக்கும் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அதே வகுப்புப் பையன் வாட்ஸப்பில் பரப்பியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருடைய படம், எந்த வாட்ஸப் குழு என்று எழுதப்போவதில்லை. ஜனவரி 24, பெண் குழந்தைகள் தினத்தன்று பிரேயரில் "பெண் பிள்ளைகளை மதிப்போம்" என்று மைக்கில் உறுதிமொழி வாசித்தது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். வீட்டில் உட்காரவைத்திருக்கும் அந்தப் பெண் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த உறுதிமொழிக்குச் சில நாள் முன்புதான் 'டூ ரிவெஞ்ச்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். 2022-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மயாமியில் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி, அங்கே உதவித்தொகையில் படிக்கும் ட்ரியா. காதலன் மேக்ஸுக்கு மட்டும் அவள் அனுப்பிய அந்தரங்க வீடியோ ஊரெல்லாம் பரவுகிறது. ஆத்திரத்தில் அவனை ஒரு குத்து விடுகிறாள், தண்டனை அவளுக்கு. அவனோ பெண்களை ஆதரிக்கும் ஆண்கள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிக் கைதட்டல் வாங்குகிறான். சிரிக்கவைக்க எடுத்த காட்சி. அதை நம் பிரேயரிலேயே நேரில் காட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

படம் ஒன்றும் அப்பழுக்கற்றதல்ல. ஒருத்தியின் பழியை இன்னொருத்தி தீர்ப்பது என்ற கரு, இயக்குநர் ஹிட்ச்காக் 1951-லேயே கொலையை வைத்து எடுத்தது. ட்ரியாவாக வரும் கமிலா மென்டஸும், கூட நடித்த மாயா ஹாக்கும் பிரமாதம்தான். ஆனால் 1994-இல் பிறந்த கமிலாவைப் பள்ளி மாணவி என்று நம்பக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கிறது. கெட்ட வார்த்தை, போதை எல்லாம் உண்டு; பள்ளியில் போடும் சிறார் படங்களோடு சேர்த்து இதையும் போடுங்கள் என்று கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று. அவ்வளவு அநியாயம் நடக்கும் அந்தப் பள்ளியில்கூட ட்ரியா அடுத்த வருஷமும் வகுப்புக்கு வருகிறாள்.

நம் பிள்ளைக்கு அதுவும் இல்லை. "பேச்சு அடங்குகிற வரைக்கும் வீட்டில் இருக்கட்டும்" என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். மாங்கூழ் ஆலையில் தினக்கூலிக்குப் போகிறவர், தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். என் மகள் சாயங்காலம் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். தமிழையும் சமூக அறிவியலையும் அப்படிச் சமாளித்துவிடலாம். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறதே? குவிலென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துத் தாளில் பிம்பம் விழவைக்க நோட்டைப் பார்த்தா கற்றுக்கொள்வாள்? லேப் நடக்கும் நாளெல்லாம் அவள் வீட்டில். அவன் முதல் மேசையில்.

பெண் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் நம் பக்கம் அடுத்து என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாமன் வீட்டிலிருந்து ஆள் வந்து போயாயிற்று. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 என்று நம் காம்பவுண்டுச் சுவரில்தான் பெரிதாக எழுதியிருக்கிறது.

"பள்ளிப் பேர் கெட்டுவிடும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. என் பங்குக்கு 1098-க்குத் தகவல் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கு பாக்கி. அந்தப் பையனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. அவனும் பிள்ளைதான், அவனை விசாரிக்க இளஞ்சிறார் சட்டம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நீங்கள் எடுத்த ஒரே நடவடிக்கை, பெண் பிள்ளைகள் வீட்டில்கூட போனைத் தொடக் கூடாது என்ற சுற்றறிக்கை. பையன்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் "உறுதிமொழி வாங்கினோமே" என்கிறீர்கள். பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியின் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆண்டுவிழாவில் மேக்ஸின் சங்கத்துக்கும் ஒரு கிளை திறந்துவிடுங்கள். தலைவர் தயாராக இருக்கிறார்.

ஆதங்கத்தில் வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: செய்முறைத் தேர்வுக்கு முன், தலைமையாசிரியர் ஐயாவும் வகுப்பாசிரியரும் நேரில் அவள் வீட்டுக்குப் போய், அவளைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிடுங்கள். டி.சி. பேச்சை எடுக்காதீர்கள். விட்டுப்போன செய்முறைகளைத் தனியாகச் செய்யவையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலை அவள் அம்மாவிடம் கொடுங்கள்.

தயவுசெய்து இந்த வாரமே.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா