ஜெர்மனிக்கு மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை மையம் நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு), விசா அப்பாயின்ட்மென்ட் என்று தனியாக அலைந்தால் தலை சுற்றிப்போகும் வேலைகளை நீங்கள் கையில் எடுத்து முடித்துக் கொடுக்கிறீர்கள். 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் கிட்டத்தட்ட 50,000 பேர். இங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நம் நாட்டவர்தான் அதிகம். அதில் உங்கள் உழைப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் பேக்கேஜ் பட்டியலில் கடைசியில் ஒரு வரி வருகிறதே, "இன்சூரன்ஸ் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று, அந்த மருத்துவக் காப்பீட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் இங்கே மாணவனாக வந்து, படித்து, வேலையிலும் சேர்ந்தவன். புதிதாக வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தில் முடிந்த உதவியைச் செய்கிறேன். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை அறை எல்லாம் எப்படியோ ஒரு வழிக்கு வந்துவிடும். வழிக்கே வராமல் திரும்பத் திரும்ப என்னிடம் வருவது இன்சூரன்ஸ் சிக்கல். அதிலும் பெரும்பாலும் ஒரே சிக்கல்: பப்ளிக் இன்சூரன்ஸில், அதாவது சட்டப்படி இயங்கும் பொது மருத்துவக் காப்பீட்டில், இருக்க வேண்டிய பிள்ளை, விவரம் தெரியாமல் அதிலிருந்து விலகிக் கையெழுத்துப் போட்டிருப்பது.

உங்களில் விவரம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும், பெற்றோர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேரும் மாணவர் 30 வயதுக்குள் இருந்தால், சட்டப்படி அவர் பப்ளிக் இன்சூரன்ஸில் இருக்கக் கடமைப்பட்டவர். டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற நிறுவனங்கள் இந்த வகை. மாதச் சந்தா சுமார் 140 முதல் 150 யூரோ. வெளிநாட்டுக்காரர் என்பதற்காகக் கூட வாங்குவதில்லை. பெற்றோரின் காப்பீட்டில் இலவசமாக இருக்கும் வயதைக் கடந்த ஜெர்மன் மாணவருக்கும் இதே கணக்குதான். உனக்குச் சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா என்று கேட்டு ஒதுக்கவோ, சந்தாவை ஏற்றவோ முடியாது. டாக்டரிடம் கார்டை நீட்டினால் போதும், பில் மாணவரின் கைக்கே வராது. மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான். மருந்துச் சீட்டுக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ. மனநல சிகிச்சையும் இதற்குள் வரும், காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும் என்பது வேறு விஷயம். மனைவியோ கணவனோ சொந்த வருமானம் இல்லாமல் உடன் வந்தால், அவரும் குழந்தைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் இதே காப்பீட்டுக்குள் வருவார்கள்.

எல்லாம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு மூக்குக் கண்ணாடிக்கு அநேகமாக எதுவும் தர மாட்டார்கள். பல் கட்டுவதற்குக் கணிசமான பணம் நம் கையிலிருந்து போகும். இரண்டு ஜோடி கண்ணாடியும் பல் வேலையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

இதிலிருந்து விலக ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. ஜெர்மன் சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூல், 8ஆவது பிரிவு. காப்பீட்டுக் கடமை தொடங்கி மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்தால் விலக்குக் கிடைக்கும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. படிப்பு முடியும்வரை பப்ளிக் பக்கம் திரும்ப முடியாது. பாலிசியை மாற்றலாம், ஊரை மாற்றலாம், அழலாம், யாரிடமும் போய் நிற்கலாம், கதவு திறக்காது.

இந்தப் படிவத்தைத்தான் உங்கள் அலுவலகத்தில் பத்தோடு பதினொன்றாக வைத்துக் கையெழுத்து வாங்குகிறீர்கள். பல்கலைக்கழகத்தில் சேர, ஏதாவது ஒரு பப்ளிக் நிறுவனம் மாணவரின் காப்பீட்டு நிலையைக் கணினி வழியே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. பிரைவேட் பாலிசி எடுத்தவருக்கும் இது வேண்டும், "இவர் விலக்குப் பெற்றவர்" என்று. ஆக, மாதம் 35 யூரோ என்று சொல்லி மலிவான பிரைவேட் பாலிசியை விற்க வேண்டுமென்றால் விலக்கு மனு போயே ஆக வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டால், "அட்மிஷனுக்கு ஏதோ ஒரு ஃபார்ம் அண்ணா, சைன் பண்ணச் சொன்னாங்க" என்கிறார்கள்.

விலை வித்தியாசம் பெற்றோரை இழுக்கும் என்பது எனக்கும் புரிகிறது. மாதம் நூறு யூரோவுக்கு மேல் மிச்சம். யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் காலத்தில், ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்த அப்பாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்புறம், நம்மூரில் இளவட்டத்துக்கு இன்சூரன்ஸ் எதற்கு என்ற நினைப்பும் உண்டு. காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக், பெரிதாக வந்தால் ஜி.ஹெச். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும் வீடுகளும் நிறைய. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஜெர்மனியைப் பார்த்தால் 145 யூரோ தண்டச் செலவாகத்தான் தெரியும். அந்த நினைப்பை மாற்ற வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். நீங்களே "பிரைவேட் போதும், காசு மிச்சம்" என்று சொன்னால் பெற்றோர் எதை வைத்து எதிர்க்கேள்வி கேட்பார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், வயது 26, கொங்கு மண்டலத்துக்காரி, இப்படி விலக்குப் பெற்று மலிவுப் பாலிசியோடு வந்தவள். வந்த இரண்டாவது செமஸ்டரில் ராத்திரி இடுப்பு வலி. கூட இருந்தவர்கள் 112க்கு அழைத்தார்கள். சிறுநீரகக் கல். குழாய் வைத்து, சில நாள் படுக்க வைத்து, பிறகு கல்லையும் எடுத்தார்கள். அவசரப் பிரிவு டாக்டர் வழக்கம்போல "முன்பு எப்போதாவது இப்படி வந்ததா?" என்று கேட்க, அந்தப் பெண்ணும் "ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருமுறை வந்தது" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அது அறிக்கையில் ஏறிவிட்டது. பாலிசிக்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்: ஏற்கெனவே இருந்த நோய், பாலிசியில் சேராது. ஆம்புலன்ஸ் தனி, மருத்துவமனை தனி என்று பில்கள் அவள் பெயரிலேயே தபாலில் வர ஆரம்பித்தன.

பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறதே, எடுத்துக் கட்டலாமே என்று அவளுடைய அப்பா போனில் கேட்டார். அந்தக் கணக்கை உங்கள் மூலமாகத்தான் அவர் தொடங்கினார், ஆனால் அது எப்படி இயங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டாலும் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் மிஞ்சுவது என்ன? கடைசியில் ஊரில் நகை அடகுக்குப் போனது. மீதியைத் தவணையில் கட்ட மருத்துவமனை ஒப்புக்கொண்டது. பார்ட் டைம் வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பேப்பரைத் தள்ளிவைத்தாள். அவளை அனுப்பிய கன்சல்டன்சிக்கு நானே பேசினேன். "பாலிசி டாக்குமென்ட்டில் எல்லாம் போட்டிருக்கே சார்" என்றார்கள். போட்டிருக்கத்தான் செய்கிறது, சிறிய எழுத்தில், பல பக்கங்களுக்கு அப்பால்.

மலிவுப் பாலிசிகள் பெரும்பாலும் பயணக் காப்பீட்டின் இன்னொரு வடிவம். சில மாதம் வந்து போகிறவருக்கு ஏற்றவை. பழைய நோய்களுக்கு இல்லை, மனநல சிகிச்சைக்கு இல்லை அல்லது பேருக்கு இருக்கும், பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் என்று பல பாலிசிகளில் ஓட்டைகள். ஜெர்மனியில் தங்கும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போது வெளிநாட்டவர் அலுவலகம் இதைப் போதுமான காப்பீடாக ஏற்காமல் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. ஆக, 35 யூரோ பாலிசியில் தொடங்கியவர் நடுவழியில் விலை கூடிய பிரைவேட் பாலிசிக்குப் போக வேண்டிவரும். பப்ளிக்குக்குப் போக முடியாதே!

"வேலை கிடைத்ததும் தானாகப் பப்ளிக்குக்கு வந்துவிடலாமே" என்று நீங்கள் சொல்வீர்கள். முழுநேர வேலை கிடைத்தால் பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பு முடிந்த மறுநாளே எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுகிறதா? வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்களே, அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். பப்ளிக்கில் இருந்தவர் சந்தா கூடினாலும் விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். விலக்கு வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது. வருமானமும் இல்லாமல், உருப்படியான காப்பீடும் இல்லாமல் அல்லாட வேண்டியதுதான். 30 வயது தாண்டிப் படிப்பைத் தொடர்பவருக்கும் இதே நிலைதான்.

பிரைவேட் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. 30 வயதைக் கடந்து வருபவருக்குப் பப்ளிக் பெரும்பாலும் கிடைக்காது. மொழிப் பயிற்சிக்கு மட்டும் வருபவர்களும் மாணவர் சந்தாவில் சேர முடியாது. அவர்களுக்குப் பிரைவேட்தான் வழி, அங்கேதான் உங்கள் உதவி உண்மையில் தேவை. மலிவானதைத் தேடாமல், பழைய நோய்களை மறைக்காமல் எழுதி, எது சேரும் எது சேராது என்று உட்கார வைத்துச் சொல்லி, நல்லதாக ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள். அதேபோல விமானம் ஏறிய நாள் முதல் செமஸ்டர் தொடங்கும் நாள் வரை ஓர் இடைவெளி உண்டு. பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அக்டோபர் 1 அல்லது ஏப்ரல் 1தான் தொடக்கம். செப்டம்பர் முதல் வாரத்தில் வந்து இறங்கும் பிள்ளைக்கு அந்தச் சில வாரங்களுக்குப் பயணக் காப்பீடு வேண்டும், விசாவுக்கும் அதைக் கேட்பார்கள். அதை விற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதையே இரண்டு வருடத்துக்கு நீட்டி விற்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

கமிஷன் பற்றியும் பேசிவிடலாம். தொழில் என்றால் வருமானம் வேண்டும், சரி. ஆனால் எந்தப் பாலிசியில் உங்களுக்குப் பணம் வருகிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பப்ளிக்கில் சேர்த்துவிடும் வேலைக்குத் தனியாகச் சேவைக் கட்டணம் வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் அதற்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

விலக்கு மனுவை மற்றக் காகிதங்களோடு கட்டிக் கொடுக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்து, "இதில் கையெழுத்துப் போட்டால் படிப்பு முடியும்வரை பப்ளிக் இன்சூரன்ஸ் கிடைக்காது" என்று தமிழிலேயே மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பிறகும் பிரைவேட்தான் வேண்டும் என்றால் அது அவர்கள் முடிவு. இந்தக் குளிர்கால செமஸ்டருக்குக் கிளம்பும் பிள்ளைகளின் ஃபைல்கள் இப்போது உங்கள் மேசையில் இருக்கும். 30 வயதுக்குக் கீழே உள்ள யாருடைய ஃபைலிலாவது அந்த மனு இருந்தால், அனுப்பும் முன் அவர்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். அனுப்பிய பிறகு இங்கிருந்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
ஜெர்மனியில் படித்து, இங்கேயே வேலை பார்க்கும் ஒரு மதுரைக்காரன்